சிலமலையில இருந்து வந்த ஜீப்பு

தும்மல்தான் மொத ஞாபகத்துக்கு வருது.

போடியில ஏலக்காய் ஸ்டோருக்குக் காய் பொறுக்கப் போன புதுசு. மூடையப் பிரிச்சுக் கொட்டுனா போதும்... தூசி மூக்குல ஏறி ஒருத்தி தும்ம, அடுத்தவ தும்ம, ஹாலே தும்மும். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுவாரு. எங்களுக்கு ஒரே சிரிப்பு.

பெரிய காய் தனி, வெடிச்சது தனி, கறுத்தது தனி... அதான் சோலி. எனக்கு எதுத்தாப்புல தங்கம் அக்கா உக்காருவா. பாவாடை கட்டுன வயசுல உள்ள வந்தவ. சம்மணம் போட்டே முட்டி ரெண்டும் போச்சு. எந்திரிக்கையில என் தோளைத்தான் பிடிப்பா.

ஒரு நாள் மேனேஜர் வந்தாரு. "இந்த லாட்டோட ஸ்டோரை மூடுறோம். கேரளாவுல காய் பிரிக்க மெஷின் போட்டாச்சு. ஆளுக்கு ஒரு மாசக் கூலி, ஒரு சேலை."

சேலையாம் சேலை!

தங்கம் அக்கா என்னையப் பார்த்து, "நேத்து வந்தவளுக்கும் அதேதான், எனக்கும் அதேதானா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு இனி எங்கடி போவேன்?"னா.

வேலை பார்த்த வருசத்துக்குத் தக்கன காசு குடுத்தாத்தான் கடைசி லாட்டைத் தொடுவோம்னு கேட்டுக்கு வெளிய உக்காந்துட்டோம். பொறுக்காத காய் வெலை போகாதுல்ல... அந்தத் தைரியம்தான்.

மேனேஜர் வெளியூர்க்காரரு. கமுக்கமா பக்கத்து ஊரு சிலமலைக்கு ஜீப்பை அனுப்பி வேற பொம்பளையாளுகள ஏத்திட்டு வரச் சொல்லிட்டாரு. எங்க தெருவுல பாதி மருமக சிலமலைக்காரிகதான்னு அந்த மனுசனுக்கு யாரு சொல்றது! நான் பொறந்ததே அங்கதான்.

ஜீப்புல இருந்து மொத ஆளா எறங்குனது எங்க அண்ணன் பொண்டாட்டி.

"ஏத்தா, நீ என்ன இங்க வெயில்ல உக்காந்திருக்க?"

"எங்க சோலிக்குத்தான் மதினி ஒங்களைக் கூட்டியாந்திருக்காக"ன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துருச்சு.

மதினி மேனேஜர் பக்கம் திரும்புனாக. "கூடுதலா ஆளு வேணும்னுதான சொன்னீக? எங்க வீட்டுப் பிள்ளை வயித்துல அடிக்கவா கூட்டியாந்தீக?"

அவ்வளவுதான்... தூக்குவாளியோட வந்து எங்க பக்கத்துல உக்காந்துட்டாக. பின்னாடியே ஜீப்பு ஆளுக அத்தனை பேரும். அவுக கொண்டாந்த சோத்தைத்தான் அன்னைக்கு எல்லாரும் பங்கு போட்டுத் தின்னோம்.

சாயங்காலம் மொதலாளியே கார்ல வந்தாரு. கேட்ட தொகை முழுசாக் கெடைக்கல. ஆனா சர்வீசுக்குத் தக்கன குடுத்தாரு. தங்கம் அக்கா அந்தக் காசுல வீட்டு வாசல்ல இட்லிக்கடை போட்டா. குனியாம நின்னு ஊத்த உயரமா மேடை கட்டி!

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா...

சென்னையில எம் மகளுக்கு வேலை போச்சு. கம்ப்யூட்டர் கம்பெனி. காலையில லேப்டாப்பைத் தொறந்தா உள்ளயே விடலையாம். ஒரு மெயிலு, ஒரு மாசச் சம்பளம், அம்புட்டுத்தான். எங்க மேனேஜராவது மூஞ்சியக் காட்டுனாரு.

"கூட வேலை பார்த்தவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போயி கேளு பாப்பா"ன்னேன்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்து பார்க்குறவங்கம்மா. ஒருத்தரையும் நேர்ல பார்த்ததில்ல. யார் யாருக்குப் போச்சுன்னே தெரியல."

போனை வச்சுட்டு வெரசாக் கெளம்பிட்டேன். சென்னை பஸ்சுல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். இன்னும் தேனிகூடத் தாண்டல. அவளுக்கு நியாயம் வாங்கித் தர எனக்குத் தெரியாது...

பக்கத்துல போயி உக்காரலாம்ல.