நான் தப்பாகப் போட்ட இலை

போன ஞாயிறு, செர்டாங் பக்கத்து எஸ்டேட் கோயிலில் அன்னதானம். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, போனை நோண்டிக்கொண்டே இலையைப் போட்டேன். நுனி வலது பக்கம்... கருமாதி வீட்டில் போடுவதுபோல.

வெட்கக்கேடு அதோடு நிற்கவில்லை. பேப்பரில் எழுதுகிற அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று பந்தி முழுக்க அப்படியே போட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் தம்பி மகள் மாலினி. பிசிக்ஸ் ஆராய்ச்சி செய்ய அடுத்த வாரம் வெளிநாடு போகிறாள். ஆர்பிட்டான் என்று ஒன்று. படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான் மேகத்துக்கு ஒரு வடிவம், ஒரு திசை. ஒன்று திசை மாறினால், அந்த மாற்றம் அடுத்தடுத்து அலையாக ஓடுமாம். புரிகிறதா? எனக்கும் புரியவில்லை.

என் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். "மக என்னா படிக்குது?" என்று யாராவது கேட்டால், "ஏதோ சயின்ஸ்" என்று தலையைக் குனிந்துகொள்வான். முந்தின நாள் மகளிடமே கேட்டிருக்கிறான். அவள் அரை மணி நேரம் விளக்கினாள். தலையை ஆட்டிவிட்டு லாரி கழுவப் போய்விட்டான்.

"அப்பாவுக்கே புரிய வைக்க முடியல, அப்பறம் என்னாத்த படிச்சேன் அத்த?" என்று என்னிடம் வந்து அழுதாள்.

பந்திக்கு வருவோம். சோற்று வாளியோடு வந்த தம்பி என் இலையைப் பார்த்தான். குனிந்து, "அக்கா, இலையத் திருப்பு லா" என்றான். திருப்பினேன். மாலினி என்னைப் பார்த்துத் திருப்பினாள். அடுத்தவர் அவளைப் பார்த்து... அதற்கடுத்தவர்... பந்தியின் கடைசி வரை ஓடியது.

மாலினி அப்பாவின் கையைப் பிடித்தாள். "பா, இதாம்பா."

"எதும்மா?"

"யாரும் எடத்த விட்டு நகரல. திரும்புனது மட்டும் ஓடுச்சுல்ல? அதத்தான் நான் படிக்கிறேன்."

அவன் கடைசி இலை வரைக்கும் ஒருமுறை பார்த்தான். பிறகு மகள் இலையில் சோற்றை அள்ளி அள்ளி வைத்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்?

அடுத்த பந்தியில் முதல் ஆள் கோயில் தலைவர். "மக என்னா படிக்கப் போவுதுப்பா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

தம்பி தலையைக் குனியவில்லை. வாளியைக் கீழே வைத்தான். "உங்க இலைய மட்டும் கொஞ்சம் மாத்திப் போடுங்கண்ணே... காட்டுறேன்."

தலைவர் மாற்றிப் போட்டார். பந்தி முழுக்கப் போட்டது.