கவுண்மேந்து நாய்

என் ராத்தா ஸாலிஹாவின் புருஷன் உசனார் மச்சானைப் பற்றி ஏறாவூரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். மற்றப் பாதியை நான் சொல்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஹமீட் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள், சந்தேகமிருந்தால் நேரில் வந்து கேளுங்கள்.

யுத்தத்துக்கு முந்திய வருடங்கள் அவை. வாவிக்கரையோரம் கிடந்த கண்டல் காட்டைச் சுற்றி எல்லைக் கல் நட்டு, அரசாங்கம், எங்கள் வாயில் கவுண்மேந்து, அதை 'றிசேவ்' ஆக்கியிருந்தது. உள்ளே மரம் வெட்டக்கூடாது, பறவை சுடக்கூடாது, ஒரு கொக்குக்குக் கல்லெறியவும் கூடாது. அதைக் காக்க ஒரு வாச்சர். முன்பிருந்த நல்லரத்தினம் மாற்றலாகிப் போக, உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல அந்த வேலை மச்சானுக்குக் கிடைத்தது. உடும்பைக் கண்டாலே பயத்தில் உரக்கப் பிஸ்மி சொல்கிற மனிதர் அவர்.

வேலையை ஒப்படைத்த லட்சணத்தைக் கேளுங்கள். நல்லரத்தினம் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டே சொன்னார்: "தம்பி, கோடாலி, லாம்பு, குடை எல்லாம் கொட்டிலுக்குள்ள கிடக்கு. நாய் வாசல்ல நிக்கிது. எல்லாத்தையும் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க. நான் போயிட்டு வாறன்." வண்டி போய்விட்டது.

கோடாலியிலும் லாம்பிலும் குடைப்பிடியிலும் கவுண்மேந்து முத்திரை இருந்தது. நாயில் இல்லை. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார். கடைசியில் எங்களிடம் வந்து விளக்கம் சொன்னார்: "நாய்க்கு முத்திரை குத்தினா நோகுந்தானே. அதான் விட்டிருக்காங்க."

அன்றிலிருந்து அது கவுண்மேந்து நாய். பெயரும் கவுண்மேந்து. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலை போய்விடும் என்று மச்சான் நடுங்கினார். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு கைத்தொழிலும் தெரியாது. அதனால் நாயோடு மரியாதையாகத்தான் பேசுவார். "வாங்க கவுண்மேந்து. அங்கால போகாதீங்க, முதலை கிடக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை ஒரு நாளாவது அந்த மனிதர் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

தொல்லை வேறிடத்தில் இருந்தது. காய்ந்த நாய் பட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஈர நாய் பட்டால், பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். இந்த நாயோ காய்ந்து இருந்த நேரமே கிடையாது. நீர்க்காகத்தைக் கண்டால் வாவிக்குள் பாயும். ஒன்றையும் பிடிக்காது. கரையேறி, நேரே மச்சானிடம் வந்து, சாரனோடு உரசி நின்று உடம்பை உதறும். நாள் தவறாது.

தண்ணீர் அள்ளுவது யார்? என் ராத்தா.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஒரு நாள், இடுப்பில் குடத்தோடு. "சம்பளம் உங்களுக்கு, குளிப்பு நாய்க்கு, தண்ணி அள்ளுறது நானா? ஒண்டில் அது, இல்லாட்டி நான்."

"அது கவுண்மேந்துட சாமான் புள்ள. நான் எப்பிடி விடுற?"

பள்ளிவாசல் லெப்பையிடம் போனார்கள். "காவலுக்கு நாய் வெச்சிருக்கலாம். ஈரம் பட்டாக் கழுவுங்க," என்று லெப்பை முடித்துவிட்டார். இருவருக்கும் திருப்தியில்லை.

அதன்பிறகுதான் மச்சான் தன் உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டினார். எல்லைக் கற்களின் ஓரமாகக் காட்டைச் சுற்றி நடக்கும்போது அதைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பார். நாய் கம்பின் மறுமுனையில் நடக்க வேண்டும். கிட்ட வந்தால், "தள்ளி நடவுங்க கவுண்மேந்து!" வாவியில் வலை இழுக்கிறவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "என்ன வாச்சர், தரையில தோணி விடுறீங்களா?" சிரிக்கட்டும். சில மாதங்களில் கம்பு இல்லாமலே நாய் ஒரு கம்பு தூரம் விலகி நடக்கப் பழகிவிட்டது. மச்சான் ஒரு அடி கிட்டப் போனால் அது ஒரு அடி பின்னால் போகும். ராத்தாவின் இடுப்புக்கும் ஓய்வு கிடைத்தது.

ஆனால் மனிதர் மாறிக்கொண்டு வந்தார். தன் றொட்டியில் பாதியைப் பிய்த்து அதற்கு எறிவார். கேட்டால், "கவுண்மேந்துச் சாமான் மெலிஞ்சா நான்தானே பதில் சொல்லணும்." மாரி மழையில் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், கம்பின் நுனியில் குடையைக் கட்டி நாயின் தலைக்கு மேலே பிடித்தபடி, தான் தொப்பமாய் நனைந்து வருகிறார். "குடையும் கவுண்மேந்துட, நாயும் கவுண்மேந்துட. நடுவுல நான் ஆரு?" என்றார். விசர் என்று சொல்ல வாயெடுத்தேன். ராத்தாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

இப்படியிருக்க, வன இலாகாவின் காட்டுத் துரை றிசேவைப் பார்க்க வந்தார். புதியவர், கொஞ்சம் தமிழ் தெரியும், தோளில் துவக்கு. அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைச் சுமக்க மச்சான் என்னைக் கூட்டிப் போனார். நாங்கள் எல்லையோரமாக உள்ளே நடந்தோம். ஒரு பக்கம் கண்டல், மறுபக்கம் கற்களுக்கு அப்பால் நெல் வட்டை. அப்போதுதான் வாவிக்குள்ளிருந்து கவுண்மேந்து ஏறி வந்தது. வந்து, துரையின் வெள்ளைக் காற்சட்டைக்குப் பக்கத்தில் நின்று ஓர் உதறு உதறியது.

"இது யார் நாய்?" என்றார் துரை.

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். "கவுண்மேந்துட நாய் துரை. ஒரு மயிர் குறையாமப் பாத்து வாறன்."

"கவுண்மேந்துக்கு நாய் கிடையாது."

மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் இத்தனை காலம் கட்டிக் காத்தது யாருடைய நாய்? அந்த ஏழு தண்ணீரும் யாருக்காக?

துரை துவக்கைக் கையில் எடுத்தார். "றிசேவுக்குள்ளே நாய் கொண்டு வந்தவனுக்கு வேலை போகும். சொந்தக்காரன் இல்லாத நாய் என்றால் சுட வேண்டும். சொல்லு, யார் நாய்?"

நான் மச்சானின் கையைக் கிள்ளினேன். "தெரியா எண்டு சொல்லுங்க மச்சான். சனியன் துலையட்டும்!" நாயோ துவக்கைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

மச்சான் என் கையை உதறினார். காடே அதிரக் கத்தினார்: "என்ட நாய் துரை! என்ட சொந்த நாய்!"

கையிலிருந்த கம்பை எறிந்துவிட்டு, ஈரம் என்றும் பாராமல், நாயைக் கட்டிப்பிடித்து மறைக்க ஓடினார். நாய் பழக்கத்தை விடுமா? ஒரு கம்பு தூரம் பின்னால் போனது. அவர் இன்னும் ஓடினார், அது இன்னும் போனது. "வாங்க கவுண்மேந்து, வாங்க ராசா!" என்று அழுகிறார், அது மரியாதையாக விலகுகிறது. துரை துவக்கோடு ஒருமுறை சுற்றினார், நான் பெட்டியோடு ஒருமுறை சுற்றினேன். கடைசியில் மச்சான் பாய்ந்தார் ஒரு பாய்ச்சல். நாய் இரண்டு எல்லைக் கற்களுக்கு நடுவால் நழுவி வரம்பில் போய் உட்கார்ந்தது. மச்சான் வட்டைச் சேற்றில் குப்புற விழுந்தார், தலை வெளியே, கால் றிசேவுக்குள்ளே.

துரை கல்லைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். துவக்கை இறக்கிவிட்டு, கண்டல் வேரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். "நாய் வெளியே. வெளியே எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளே வால் தெரிந்தால் உனக்கு வேலை இல்லை," என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்டார்.

அன்று அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு, சேறு காய்ந்த சாரனோடு மச்சான் வீட்டுக்கு வந்தார். நாய் வேலிக்கு வெளியே, அதே தூரத்தில். வட்டை வாய்க்காலில் விழுந்து எழும்பி வந்திருந்தது. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். ராத்தா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"கவுண்மேந்துட நாய் இல்லையாமே," என்றாள். "மறுகா ஏன் கொண்டு வந்தீங்க?"

மச்சான் தலை குனிந்தார். "என்ட நாய் புள்ள."

ராத்தா வேலிக்கு அப்பால் நாயைப் பார்த்தாள். "அப்ப என்ன 'வாங்க, போங்க'? பெத்த புள்ளய ஆராச்சும் 'வாங்க' எண்டு கூப்பிடுவாங்களா?"

மச்சான் வேலியோரம் குந்தினார். கையை நீட்டினார்.

"இஞ்ச வாடா."

நாய் தலையைச் சரித்துப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. நின்றது. பிறகு அந்த ஒரு கம்பு தூரத்தையும் தாண்டி வந்து, வாய்க்கால் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவருடைய கையை நக்கியது. முகத்தையும் நக்கியது. தாடியையும் விடவில்லை.

ராத்தா தண்ணீரில் கரைக்க மண் வெட்டப் பின்வளவுக்குப் போனாள். குடத்தை என் கையில் தந்துவிட்டுத்தான் போனாள்.