குழலில் தங்கிய தோட்டாவும் எங்கள் அண்ணனும்

பழனியாண்டவர் திருவடியில் இளைப்பாறும் எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் தெரியும். தங்கை புருஷனின் காலைப் போக்கியவர் என்பது அது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதச் சொன்னவரே என் வீட்டுக்காரர்தான்.

அண்ணன் பிறந்தது கவுஞ்சியில். எங்கள் தகப்பனார் பூண்டு போட்ட படிக்கட்டு வயல்களில்தான் அவரும் நடை பழகினார். மழை தப்பிய ஒரு வருஷம் வீட்டில் உலை வைக்கவே வழியில்லாமல் போக, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. சண்டை முடிந்து திரும்பியதும் பள்ளங்கிக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக அமர்ந்தார். என்னைப் பள்ளங்கியில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கல்யாணச் செலவு முழுக்க அவருடைய உழைப்பு.

தோட்டத்து முதலாளியிடம் லைசென்ஸ் பெற்ற பிஸ்டல் ஒன்று இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போடும் சோலி அண்ணனுடையது. அது எப்படி வேலை செய்யும் என்று பிற்பாடு எனக்கு ஒருமுறை அவரே விளக்கியிருக்கிறார். தோட்டாக்கள் மேகசீன் என்ற தகர உறையில் ஒன்றன்மேல் ஒன்றாக, அடியில் ஒரு ஸ்பிரிங் தாங்க நிற்கும். அந்த உறையைக் கைப்பிடிக்குள் செருகி, மேலேயுள்ள நகரும் இரும்பைப் பின்னால் இழுத்து விட்டால், அது முன்னால் திரும்பும்போது முதல் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிவிடும். சுட்டதும் அந்த உதைப்பிலேயே இரும்பு மறுபடி பின்னால் போய், வெறும் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு தடவையும் நாம் இழுக்க வேண்டும்.

"மேகசீனை உருவிட்டா வெறும் துப்பாக்கின்னு நெனப்பாக. குழலுக்குள்ள ஏறினது உள்ளயேதான் இருக்கும்மா. அதுதான் ஆளக் கொல்றது" என்று சொல்லிவிட்டு வெளியே எழுந்து போனார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

அன்று என் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கோடைக்கானலில் இறக்கிவிட்டு, வரும் வழியில் அண்ணனைப் பார்க்க முதலாளியின் பங்களாவுக்குப் போயிருக்கிறார். பின்பக்க வராந்தாவில் அண்ணன் பிஸ்டலைத் துடைத்து முடித்து, குழல் காலி என்று பார்த்து வைத்திருந்தார். தோட்டா நிரப்பிய மேகசீன் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. முதலாளி கூப்பிட்டதால் உள்ளே போய் வந்தார். வந்து உட்கார்ந்து, பெட்டிக்குள் வைப்பதற்குமுன் உள் ஸ்பிரிங் தளரட்டும் என்று, எப்போதும் செய்வதுபோல் விசையை இழுத்தார். குண்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முழங்காலைச் சிதைத்தது.

கம்பளியில் டோலி கட்டி, முன்கழியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு மேட்டில் ஏறினார். "வெரசா வாங்க, வெரசா வாங்க" என்று பின்னால் வந்தவர்களிடம் கத்திக்கொண்டே போனாராம். உயிரைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

போலீசார் விசாரித்தபோது, "என் கவனக்குறைவுதாங்க. வேற யாரும் காரணமில்ல" என்று அண்ணன் சொன்னார். சிறைக்கும் போனார். திரும்பி வந்தபோது மேஸ்திரி வேலை போய்விட்டிருந்தது. நேராக எங்கள் வயலில் வந்து மண்வெட்டியைப் பிடித்தார். என் பிள்ளைகள் மூன்று பேரையும் படிக்கவைத்தது அந்த மண்வெட்டிதான். அவருக்குப் பெண் கேட்டுப் போன இடங்களில், "மச்சினன் காலை எடுத்தவனுக்கா?" என்றார்கள். சொன்னவர்கள் இந்த மலரையும் படிப்பீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. உங்களுக்குத் தெரியாது.

எனக்கும் வெகுகாலம் தெரியாது. ஒரு பூண்டு அறுவடையின்போது, என்னோடும் அண்ணனோடும் உட்கார்ந்து தாள் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திடீரென்று அழ ஆரம்பித்தார்.

"மச்சான், அன்னைக்கு நீங்க உள்ள போனப்ப நாந்தான் மேகசீனச் செருகி, மேல இருக்குற இரும்ப இழுத்து விட்டேங்க. நீங்க செய்றதப் பாத்திருக்கேன்ல, அந்த ஆசைதான். நீங்க திரும்பி வர்ற சத்தம் கேட்டதும் பயந்துபோய் மேகசீன உருவி, இருந்த மாதிரியே வச்சிட்டேன். உள்ள ஒண்ணு ஏறிக் கெடக்கும்னு சத்தியமா தெரியாது. போலீஸ் வந்தப்ப சொல்ல வாய் வரல."

அண்ணன் கட்டிக்கொண்டிருந்த பூண்டுக் கட்டைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் மாப்ளே. அன்னைக்கே தெரியும். மேகசீன்ல ஒண்ணு கொறஞ்சு கெடந்துச்சு."

"அப்பறம் ஏன் மச்சான் செயிலுக்குப் போனீங்க?"

"நீங்க வெவரம் தெரியாமத் தொட்டீங்க. எனக்கு வெவரம் தெரியும். நம்ம கையை விட்டு ஒரு நிமிசம் எறங்கினாலும், திரும்ப எடுக்குறப்ப குழலப் பாக்கணும்னுதான் பட்டாளத்துல அடிச்சுச் சொல்லிக்குடுத்தாக. நான் பாக்கல. நீங்க இழுத்ததால கால் போகல மாப்ளே. நான் பாக்காததால போச்சு."

என் வீட்டுக்காரர் அன்றைக்கே சொந்தபந்தத்தைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றார். அண்ணன் சம்மதிக்கவில்லை. "பிள்ளைக ஒங்களப் பாத்துத்தான் வளருதுக. அதுக காதுல இது விழ வேணாம்" என்று முடித்துவிட்டார். அதன்பிறகும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அவர் பந்தியில் உட்கார்ந்ததில்லை. பின்கட்டில் அடுப்புப் பக்கமே நின்றுகொள்வார்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை கண்டு படுத்தவர், பிறகு எழவில்லை. கடைசி வாரத்தில் பேச்சுக் குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரரை அருகில் கூப்பிட்டு, வெட்டுப்பட்ட காலைத் தடவியபடியே கிடந்தார். ஒருநாள் வெள்ளனே, இருட்டு விலகும் நேரத்தில், உயிர் பிரிந்தது.

பனியில் அவரைச் சுமந்த கவுஞ்சி இளைஞர்களுக்கும், இரவு பகல் பார்க்காமல் வந்து மருந்து கொடுத்த கோடைக்கானல் டாக்டர் அம்மாவுக்கும், பதினாறாம் நாள்வரை எங்கள் அடுப்பை எரியவைத்த பள்ளங்கிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இனி எந்த வீட்டு வாசலிலும் அண்ணனைக் 'காலை எடுத்தவன்' என்ற அந்தப் பெயரால் சொல்லாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். சொல்லக்கூடாது என்று அவர் போட்ட தடையை நானும் என் வீட்டுக்காரரும் இப்போது மீறுகிறோம். பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு அதற்கு இத்தனை வருஷம் கட்டுப்பட்டோம். கட்டுப்படுவது எங்களுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அவர் இருக்கும்போதே மீறியிருக்க வேண்டும்.