பிரஸ் மிஷினிலிருந்து வந்த சுவிட்ச்

ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வு சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி லேசாகக் கருகுகிற வாசனைதான் எங்கள் ஓசூர் வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. அப்பா வாரத்தில் ஆறு நாள் ஒரு கம்பெனிப் பட்டறையில் பிரஸ் மிஷினில் இரும்புத் தகடு அடிப்பார். கல்யாணம், ஆயுத பூஜை என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பார். பெங்களூரில் கலைந்துபோன ஒரு குழுவிடம் வாங்கிய அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால், அம்மா அதைப் "பாட்டுப் பாடற அம்மி" என்பாள்.

எனக்குப் பதினொரு வயதில் அதன் பவர் சுவிட்ச் "மக்கர்" பண்ண ஆரம்பித்தது. தட்டினால் உயிர் வரும், பாட்டு நடுவில் மறுபடி போய்விடும். ஒரு கல்யாணத்தில் சரணம் முழுக்கக் கிடாரே கேட்கவில்லை. அப்பாவுக்கு மானம் போயிற்று. மறுநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்புத் திருகு சுவிட்சை எடுத்தார். அவருடைய மிஷினில் இருந்தது அது. ஒரு பக்கம் திருப்பினால், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். மறுபக்கம் திருப்பினால் கால் பெடலை மிதித்தாலே இறங்கிவிடும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எண்ணிக்கை வராது என்று சூப்பர்வைசர் எப்போதோ ஒயரை முறுக்கிப் பெடலுக்கு "டைரக்ட்" கொடுத்துவிட்டதால், சுவிட்சுக்கு அங்கே வேலையில்லை. "சும்மாதானே கெடக்குது" என்றார் அப்பா. ஆம்ப்ளிஃபயரில் பழைய சுவிட்சின் ஓட்டை பற்றாமல் உருட்டு அரத்தால் ராவி, ஈயம் பற்றவைத்து, என்னைத் திருப்பச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம், தகட்டை வைத்த இடது கையை எடுப்பதற்குள் அவர் கால் பெடலை மிதித்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

கம்பெனியிலிருந்து ஓர் ஆபீசர் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். அப்பா உள்ளறையில் மருந்து மயக்கத்தில் படுத்திருந்தார். அம்மா அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கிடாரெல்லாம் வாசிப்பாராமே என்று அவர் இதமாகக் கேட்டதும், நான் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினேன்.

"இந்த சுவிட்சு அப்பா அவரு மிஷின்ல இருந்து கழட்டியாந்து மாட்டுனது சார்."

அவர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

பத்து நாளில் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வீட்டில் எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், நானே படித்துச் சொன்னேன். பாதுகாப்பு சுவிட்சைத் தொழிலாளியே கழற்றியதால் விபத்து. இனி வேலைக்கு வர வேண்டாம். முறுக்கிய ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த சுவிட்ச் அவர் வீட்டில் காணப்பட்டது என்ற வரியை மட்டும் நான் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு அழுகைகூட வரவில்லை.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரை யாரோ பெங்களூருக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிடார் வாசித்த அப்பாவையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இன்னொரு அடுக்குமாடியின் வாசலில் வாட்ச்மேனாக உட்காருகிறவர்தான் இருக்கிறார். போன மாதம், என்ன தோன்றியதோ, ஆபீசரிடம் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த ஆபீசர் வந்தன்னைக்கு நான் முழிச்சுட்டுதான் இருந்தேன் பாப்பா. நீ அவ்ளோ ஆசையா சொல்லிட்டு இருந்தே."