காலையில் ஆட்டம், மாலையில் அலசல்

1. பேருக்கு ஒரு ஆள்

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கிளார்க்காகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசி. ஒருநாள் ஹெட் கிளார்க் சேதுராமன் சார் என் மேஜைக்கே வந்து நின்றார். நான் கவர்களுக்கு ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். எந்தத் தபாலையோ ஊர் மாற்றி அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து எழுந்தேன்.

"ஏம்மா சரோஜா, உனக்குச் செஸ் தெரியுமாம்ல?"

"காய் நகத்தத் தெரியும் சார். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கண்ணன்கூட ஆடுவேன்."

"அம்புட்டுத்தான் வேணும்."

எங்கள் துறையில் வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கான செஸ் போட்டி நடக்கும். அணிக்கு நாலு பேர், நாலு போர்டு; நன்றாக ஆடுகிறவர் முதல் போர்டில், அப்படியே வரிசையாக. நாலு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அந்த வருஷம் சர்க்குலர் வந்திருந்தது. மதுரை சிம்மக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் ஆபீஸில் பெண்களே சிலர்தான். மற்றவர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள்.

சேது சார்தான் கேப்டன். ஆபீஸ் முடிந்ததும் ரிக்ரியேஷன் கிளப் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணி வரை ஆடுவார். பத்து வருஷமாக அப்படித்தான் என்றார்கள். என்னை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டச் சொன்னார். தயிர்சோற்று டப்பாவை நான் திறப்பதற்குள் செக்மேட் வைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தெனமும் ரெண்டு மணி நேரம் ஆடணும்மா. அதுக்குக் கொறஞ்சா செஸ் வராது. சாயங்காலம் இருந்து ஆடு."

"சாயங்காலப் பாசஞ்சரை விட்டா எனக்குச் சோழவந்தானுக்கு வண்டி இல்ல சார். வீட்ல கைப்பிள்ளை இருக்கு."

அவர் யோசித்தார். "சரி விடு. நாலாவது போர்டுல பேருக்கு வந்து ஒக்காந்துட்டுப் போ. மிச்ச மூணு போர்டையும் நாங்க பாத்துக்கிறோம்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சிரமம் தரக் கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க, ஒவ்வொரு கவரை ஒட்டும்போதும் அந்த 'பேருக்கு' என்ற சொல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

2. கொடைரோட்டில் ஏறும் டீச்சர்

நான் தினமும் போய்வந்த பாசஞ்சரின் லேடீஸ் பெட்டியில், காலை நேரத்தில் பாதி இடம் வெற்றிலைக் கூடைகளுக்குத்தான். கூடைகளுக்கு நடுவே ஜன்னலோரம் எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருப்பார். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். கொடைரோட்டில் ஏறுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முகம் தெரியும். பேச்செல்லாம் மழை, விலைவாசி, வண்டி லேட் என்பதோடு சரி.

மேட் வாங்கிய மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்கடுத்த நாள் அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்தார். கட்டத்துக்குக் கட்டம் துளை. காய்களுக்கு அடியில் முளை இருந்தது. வண்டி எவ்வளவு ஆடினாலும் காய் சாயாது.

"எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ஆடுறதுக்கு ஆளில்லாமப் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. வாங்க, ஆடுவோம்."

அன்றிலிருந்து சோழவந்தானில் நான் ஏறியதும் பலகை விரியும். மதுரை வருவதற்குள் இரண்டு ஆட்டம், சில நாள் மூன்று. சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே. எஞ்சின் கரித்தூள் பலகையில் விழும், ஊதிவிட்டு ஆடுவோம். எங்களுக்கு இடம் கிடைக்கட்டும் என்று வெற்றிலைக்காரப் பெண்கள் கூடையை நகர்த்திக் கொடுப்பார்கள்.

மாதங்கள் போயின. போக, வர, மதிய வேளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சேது சார் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தேன். ஆனால் எஸ்தர் டீச்சரிடம் தோற்றுக்கொண்டேதான் இருந்தேன். மதிய வேளையில் ஆபீஸில் யாராவது கூப்பிட்டால் அங்கேயும் தோல்விதான். வேகமாக ஆடப் பழகிவிட்டேன். அதனால் வேகமாகத் தோற்றேன்.

"எனக்கு மூளை இம்புட்டுத்தான் போல டீச்சர்."

"மூளையெல்லாம் இருக்கு. என்னமோ ஒண்ணு இடிக்குது. என்னன்னுதான் தெரியல" என்றார் அவர்.

3. சமயநல்லூரில் நின்ற வண்டி

ஒருநாள் காலை சமயநல்லூரில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் போன கூட்ஸ் வண்டியில் ஏதோ பழுது. பாதை கிடைக்க நேரமாகும் என்று கார்டு சொல்லிக்கொண்டு போனார். ஆபீஸுக்கு லேட் ஆகப்போகிறதே என்ற கவலையில் எனக்குப் புதிதாக ஒரு ஆட்டம் தொடங்க மனசில்லை. அப்போதுதான் ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்தேன்.

எஸ்தர் டீச்சர் காய்களை மறுபடி முதல் கட்டங்களில் செருகினார். "புதுசா வேண்டாம். இப்ப ஆடுனமே, அதையே திரும்ப வச்சுப் பாப்போம். ஸ்கூல்ல பிள்ளைக கணக்குத் தப்பாப் போட்டா நான் அடுத்த கணக்குக்குப் போக விடமாட்டேன். இங்க மட்டும் ஏன் விடுறேன்னு இப்பத்தான் தோணுது."

ஒவ்வொரு நகர்வாக ஞாபகப்படுத்தி வைத்தோம். நான் ராணியை இழந்த இடம் வந்தது. அதற்கு முந்தைய நகர்வில் அவர் குதிரையால் என் சிப்பாயைத் தாக்கியிருந்தார்.

"இங்க என்ன நெனச்சீங்க?"

"சிப்பாய் போயிருமேன்னு நெனச்சேன். அதக் காப்பாத்துனேன்."

"குதிரை அங்க வந்ததுக்கு வேற காரணம் இருக்கான்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவே இல்லை. குதிரை சிப்பாயை மட்டும் தாக்கவில்லை. அடுத்த தாவலில் ராஜாவுக்குச் செக் வைத்து ராணியையும் பிடிக்கிற இடத்துக்கு வந்து நின்றிருந்தது. முந்தைய நாள் ஆட்டத்தையும் ஞாபகத்தில் இருந்தவரை வைத்துப் பார்த்தோம். அதிலும் அதே கதை. யாராவது எதையாவது தொட்டால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அந்த நகர்வு வேறு என்ன செய்கிறது என்று நின்று பார்க்கிற பழக்கமே என்னிடம் இல்லை. இத்தனை மாதமும் தினம் தினம் நான் பயிற்சி எடுத்தது அந்தத் தப்பைத்தான்.

வண்டி கிளம்பியது எனக்குத் தெரியவில்லை. கூடல்நகர் தாண்டியதும்தான் தலை நிமிர்ந்தேன்.

அன்றே முறையை மாற்றினோம். காலையில் ஒரே ஒரு ஆட்டம். முடியாவிட்டால் அப்படியே மூடி வைத்துவிடுவோம். மாலையில் அதே ஆட்டத்தை முதலிலிருந்து வைத்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று பேசுவோம். புது ஆட்டம் கிடையாது. முதல் வாரம் சலிப்பாக இருந்தது. தோற்றதையே சாயங்காலம் மறுபடி பார்ப்பது யாருக்குப் பிடிக்கும்? ஆனால் ஒரு மாதத்துக்குள் நான் டீச்சரிடம் முதல் தடவையாக ஜெயித்தேன். அன்று மாலை, அவர் எங்கே தோற்றார் என்று நான் அவருக்குக் காட்டினேன். வெற்றிலைக்கார அக்கா ஒருவர், "என்னத்தா, இன்னைக்கு டீச்சருக்கே பாடமா?" என்று கேட்டார்.

குறைந்த நேரம் போதும் என்று இதைக் கேட்டுவிட்டு யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நடுவில் என் மகனுக்கு அம்மை போட்டது. லீவு போட்டு வீட்டில் இருந்தேன்; பலகையைத் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது கண்ணுக்கு முன்னால் நின்ற குதிரைகூடத் தெரியவில்லை. பழைய நிலைக்கு வர, விட்ட நாட்களுக்குச் சமமான நாட்கள் ஆயின. கோடை லீவில் டீச்சர் வரமாட்டார். அப்போது பலகையை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். நேரம் கொஞ்சம்தான், ஆனால் தினமும்.

4. திருச்சி

போட்டி திருச்சியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு சுற்றில் தோற்ற அணி அதோடு வெளியே. வீட்டில் நாத்தனார், "சம்பளத்தையுங் குடுத்து வெளையாடவும் சொல்றாகளா உங்க ஆபீஸுல?" என்று கேட்டார். என் கணவர், "வெத்தலைக் கொடிக்கால் வேலைய நாளைக்குப் பாத்துக்கிறேன். பிள்ளை எங்கூட இருக்கட்டும், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

முதல் சுற்றில் அணி ஜெயித்தது, நானும் ஜெயித்தேன். எதிரில் இருந்தவரும் என்னைப்போல் பேருக்கு வந்தவர் என்று சேது சார் எடுத்துக்கொண்டார். உண்மையும் அதுதான். இரண்டாவது சுற்றில் கோயம்புத்தூர் அணி. என் எதிரில் என்னைவிட மூத்த ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், அவசரமே இல்லாமல் ஆடுகிறவர். நான் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தபோது பக்கத்து மூன்று போர்டுகளும் முடிந்திருந்தன. மூன்றிலும் நாங்கள் தோற்றிருந்தோம். சேது சாருந்தான்.

அவர் என் அருகில் வந்து குனிந்தார். "நம்ம டீம் அவுட்டும்மா. டிரா கேட்டுப் பாரு. குடுக்கலையா, விட்டுட்டு எந்திரி. நாலரை பஸ்ஸைப் பிடிச்சா எட்டு மணிக்கு ஊருல இருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் ஆட்டத்தால் அணிக்கு எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"நீங்க போங்க சார். நான் முடிச்சுட்டு அடுத்த பஸ்ல வாரேன். ராத்திரி மதுரையில எங்கண்ணன் வீட்லதான் தங்குறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற இருவரையும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

கடைசியில் அந்த அம்மாவிடம் குதிரையும் இரண்டு சிப்பாய்களும் மிஞ்சின. என்னிடம் பிஷப்பும் ஒரு சிப்பாயும். அவர் குதிரையைக் கொண்டுவந்து என் சிப்பாயைத் தாக்கினார். என் கை பிஷப்பை நோக்கிப் போனது. சிப்பாயைக் காப்பாற்றத்தான். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குதிரை என் சிப்பாயை எடுத்தால் பலகையின் ஓரத்துக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பிவர அதற்கு நேரம் ஆகும். நான் சிப்பாயை விட்டுவிட்டு ராஜாவை நகர்த்தினேன்.

சேது சார் உச்சுக்கொட்டுவது கேட்டது. குதிரை என் சிப்பாயை எடுத்தது. அது ஓரத்திலிருந்து திரும்புவதற்குள் என் ராஜா அந்த அம்மாவுடைய ஒரு சிப்பாயை எடுத்துவிட்டது. இன்னொன்று ராணியாகப் போக ஓடியது. அதற்குக் குறுக்கே பிஷப்பைக் கொடுத்து அதையும் வாங்கினேன். மிஞ்சியது அவருடைய ஒற்றைக் குதிரை மட்டும். அதை வைத்துக்கொண்டு யாராலும் மேட் வைக்க முடியாது. டிரா.

அந்த அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தச் சிப்பாயைக் காப்பாத்துவீங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றார்.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. இடைகழிக்கு அப்பால் சேது சார். துவரங்குறிச்சி வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் எம்புட்டு நேரம் ஆடுற?"

சொன்னேன். காலையில் ஒரு ஆட்டம், மாலையில் அதே ஆட்டத்தைத் திரும்ப வைப்பது. அதற்கு மேல் கிடையாது என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து, நகர்வுகளைக் குறித்திருந்த தன் தாளை எடுத்தார்.

"நான் இன்னைக்குத் தோத்தது இது. ஒருக்க வச்சுப் பாப்பமா?"

எஸ்தர் டீச்சர் பயணத்துக்காகக் கொடுத்தனுப்பிய பலகை என் பையில் இருந்தது. சேது சார் என் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு இடம் மாறி வந்து உட்கார்ந்தார். அவர் படித்தார், நான் காய்களைச் செருகினேன். பாதி ஆட்டத்தில், தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாய்களை அவரே அவசரமாக ஓட்டிய இடம் வந்தது.

"நிறுத்து" என்றார். பலகைக்கு மேல் குனிந்தார். "போன வருஷம் சேலத்துலயும் இதேதான் பண்ணேன். அதுக்கு முந்துன வருஷமும் பண்ணிருப்பேன்."

அவரே ஒரு காயை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, "சரி, இத ஓட்டாம இருந்தா என்ன ஆகும், சொல்லு" என்றார். மேலூர் விளக்குகள் தெரியும்வரை ஆடாத அந்த ஆட்டத்தைத்தான் ஆடினோம். அடுத்த வருஷம் பட்டியலில் என் பெயரை மூன்றாவது போர்டில் எழுதினார்.

ரிட்டயர் ஆன பிறகும், பிள்ளைகளைச் செஸ் வகுப்பில் சேர்த்தவர்கள் என்னிடம் தினமும் எத்தனை மணி நேரம் ஆட வேண்டும் என்று கேட்கிறார்கள். கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்வில் தோற்றாய் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்பேன். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தினமும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் போதும். சொல்லத் தெரியாத பிள்ளையை இன்னும் கூடுதலாக ஆடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.