தவறைச் சொல்ல நேரில் போன ஸ்டெல்லா

கம்பெனி பஸ் தண்டலத்தைத் தாண்டும்போது ஸ்டெல்லாவின் கணவர் அருளிடமிருந்து போன் வந்தது. "ஸ்டெல்லா காலைல போய்ட்டாம்மா" என்றார்.  மனைவியின் புற்றுநோய் முற்றிவிட்டதை அவர் எங்களிடம் மறைத்ததில்லை. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் அவள் ஏறும் நிறுத்தம் வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரகடத்தில், உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில், அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தொழிலாளர்கள் போனிலேயே விடுப்பு கேட்கும் செயலியை எழுதியவள் ஸ்டெல்லாதான்.

ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், முத்துலட்சுமி என்ற பெண் விடுப்புக்கு எழுதிய காரணம் வேறொருத்தியின் போனில் தெரிந்துவிட்டது. கரு கலைந்ததை அவள் ஓசூரில் இருந்த கணவனைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாலைக்குள் அவள் தங்கியிருந்த சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் முழுக்க அதே பேச்சு.

மறுநாளே ஸ்டெல்லா தவறு எங்கே என்று கண்டுபிடித்தாள். இத்தகைய செயலியில் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தகவலை வைத்துக்கொண்டு வேலை செய்யும் சிறு நிரல் துண்டு, தனக்குத் தேவையான மற்றொன்றைத் தானே உருவாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து கொடுக்கிறோம். அது எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். உள்ளே வந்திருப்பவர் யார் என்று வைத்திருக்கும் ஆப்ஜெக்ட், அவர் கேட்டதைக் காட்டி முடித்ததும் போய்விட வேண்டும். ஸ்டெல்லா அதைச் செயலி ஓடும்வரை எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே இருக்கும்படி பதிந்திருந்தாள். ஒவ்வொருவராகச் சோதித்தபோது சரியாகத்தான் இருந்தது. பலர் ஒரே நேரத்தில் திறந்ததும் ஒருவர் விவரம் மற்றவருக்குப் போனது. அந்தக் காலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றினாள், சரியாகிவிட்டது.

மேலாளர், "சர்வர் பிராப்ளம்னு நோட்டீஸ் போட்டுடலாம்" என்றார்.

"சர்வர் இன்னா சார் பண்ணுச்சு? நான் எழுதினது."

அன்றே ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். முத்துலட்சுமி ஊருக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தாள். ஸ்டெல்லா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் விஷயம் வெளிய போனதுக்கு நான்தாம்மா காரணம்."

"இதச் சொல்லவாக்கா இவ்வளவு தூரம் வந்தீய?"

"பேசறவங்க வாய என்னால மூட முடியாது. போவணும்னா நானே பஸ் ஏத்தி வுடறேன். இருக்கணும்னா எங்க வூட்டுக்கு வா."

முத்துலட்சுமி அழுதாள். அழுது முடிக்கும்வரை ஸ்டெல்லா அவள் கையை விடவில்லை. பிறகு அந்தப் பையை ஸ்டெல்லாவின் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். கணவன் இங்கேயே வேலை தேடி வரும்வரை முத்துலட்சுமி அவர்களோடு இருந்தாள். ஸ்டெல்லாவின் அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

சிகிச்சையில் இருந்தபோதும் ஸ்டெல்லா நான் எழுதுவதைச் சரிபார்ப்பதை விடவில்லை. நான் டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்து மூட மறந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து குரல் பதிவு அனுப்பினாள்: "தொறந்தா மூடுடி. வூட்ல குழாயக்கூட இப்படித்தான் வுட்டுட்டுப் போவியா?" கடைசியில் ஒரு இருமல். அந்தக் குரலை நான் அழிக்கவில்லை.

போன வாரம் செயலியில் நான் செய்த மாற்றத்தால் ஒரு டிரைவர் தன் ஓய்வு நாளில் வேலைக்கு வந்துவிட்டார். அவரைக் கூப்பிடப் போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டு பஸ் ஷெட்டுக்கு நடந்தேன். "அண்ணே, என் தப்புதான்" என்றேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காரும்மா" என்றார்.

ஸ்டெல்லாவை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவளுடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது, ஷெட் வரைக்குமான அந்த நடை.