அனுப்பாத மனு

திருகோணமலைச் சிறைச்சாலையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் இன்னும் வரவில்லை. தம்பலகாமத்தில் வயல் செய்த எங்கள் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான். ஓர்ஸ் ஹில்லில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி.

அப்போதுதான் இறக்கக்கண்டி மீனவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இன்னொருவரின் வலையைத் திருடியதாக ஒன்றரை வருடத் தண்டனை. தான் எடுக்கவில்லை, மேன்முறையீடு செய்யவேண்டும் என்றார். பத்து நாளுக்குள் மனு நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவேண்டும். கைதிகளின் மனுக்களை எழுதி அனுப்புவதும் என் வேலைதான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருடைய வலக்கை வீங்கியிருந்தது.

"கையில என்ன?"

"இங்க வந்த அண்டைக்கு காவலர் அடிச்சது, ஐயா. அதையும் எழுதுங்கோ."

எழுதினேன். இடது பெருவிரலை மையில் ஒற்றி அடியில் வைத்தார்.

ஜெயிலர் அதை இரண்டு தரம் வாசித்தார். "அடிச்ச கதையை எடுத்துப்போட்டு எழுதும்."

திரும்பிப் போய்க் கைதியிடம் கேட்டேன். "நடந்ததை எப்பிடி ஐயா எடுக்கிறது? ஏலாது," என்றார். அதை வந்து சொன்னபோது ஜெயிலர் கோபப்படவில்லை. "அப்ப அது இருக்கட்டும்," என்றார். பிறகு, "உமக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை, என்ன?"

மனுவை என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை முற்றத்தில் கைதி கேட்டார். "அனுப்பியாச்சோ, ஐயா?"

"ஓம், அனுப்பியாச்சு."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கேட்டார், நானும் ஒவ்வொரு காலையும் "ஓம்" என்றேன். பத்தாம் நாள் அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டு வெளியே போனவர், மனு நீதிமன்றத்துக்குப் போகவேயில்லை என்று அறிந்து, ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, நீதிமன்றத்துக்குப் போகும் தன் உரிமையைத் தடுத்ததாக ஜெயிலர்மேல் வழக்குப் போட்டார். என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அப்போது என் வேலை நிரந்தரமாகியிருந்தது. வேலை போய்விடும் என்ற சாட்டுக்கூட என்னிடம் இருக்கவில்லை.

"மனுவை எழுதினது நீங்கள்தானே?" என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார்.

"ஞாபகமில்லை."

"அவருடைய கை வீங்கியிருந்ததா?"

"ஞாபகமில்லை."

வழக்கு தள்ளுபடியானது. மீனவர் எழுந்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் பாராமலே வெளியே போனார்.

அதன் பிறகு எனக்குக் காலை நேரங்கள் பிடிக்காமல் போயின. சவரம் செய்துகொண்டிருப்பேன், பக்கத்தில் நின்று யாரோ கேட்பதுபோல இருக்கும். "அனுப்பியாச்சோ?" கத்தி கன்னத்தில் அப்படியே நிற்கும். கல்யாணமான புதிதில், யாருக்கு ஓம் சொல்கிறீர்கள் என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

பல வருடங்கள் கழித்து அந்த மனுவை எடுத்துக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனேன். அவர் கரையில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதிரை போட்டார். கடதாசியை நீட்டினேன்.

"இது என்னட்டத்தான் இருந்தது."

"தெரியும்," என்றார். வாங்கவில்லை. "இதை இப்ப எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது?"

கடதாசியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "நீங்க ஓம் ஓம் எண்டு சொன்னபடியாத்தான் அந்தப் பத்து நாளும் நான் நித்திரை கொண்டனான்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். தெருவரை கூடவே வந்தார்.

"இனி வராதேங்கோ, ஐயா. நீங்க ஜெயில் ஆள் எண்டு தெரிஞ்சா பொஞ்சாதி பயப்பிடுவா."

பஸ் வந்தது. உள்ளே இடம் இருந்தும் நான் திருகோணமலைவரை நின்றுகொண்டே வந்தேன்.